வழிநூலும் பதிப்புரிமையும்: தென்காசி – குற்றாலம் வட்டாரப் படைப்பு மரபை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே அமைந்த மேலகரம், திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். ஆனி, ஆடி மாதங்களில் சாரலை நாடி வருவோரும், கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குச் செல்லும் வழியில் நீராட வருவோரும் இப்பகுதியில் திரள்கின்றனர். அவர்தம் வண்டிகளில் ஒலிக்கும் பக்திப் பாடல்கள் பல, புகழ்பெற்ற திரைப்பாடல்களின் மெட்டில் புதிய சொற்களைப் பெய்து கட்டப்பட்டவை. அத்தகைய திரைமெட்டுகளிலும் சிந்து, தெம்மாங்கு முதலிய நாட்டார் இசையிலிருந்து சென்று சேர்ந்தவை உண்டு. மெட்டு ஒரு வாயிலிருந்து மறுவாய்க்குச் செல்கிறது. ஒவ்வொரு வாயிலும் சிறிது மாறுகிறது. இதனையே இக்காலத்தார் ‘ரீமிக்ஸ்’ என வழங்குகின்றனர்.

இந்நிகழ்வைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரு துருவங்களில் நின்றுவிடுகிறது. ஒருசாரார் எடுத்தாளுதல் அனைத்தையும் திருட்டு என்கின்றனர். மறுசாரார் கலைக்கு உடைமையே இல்லை என்கின்றனர். உடையவன், கள்வன் என்னும் இருவரை மட்டுமே காணும் இப்பார்வையில், முன்னதை எடுத்து மாற்றிப் புதியது செய்யும் படைப்பாளிக்கு இடம் இல்லை. தமிழ் இலக்கண மரபோ அம்மூன்றாமவருக்கு ஒரு பெயரையும் ஒரு கடமையையும் வகுத்துத் தந்துள்ளது. அப்பெயர் வழிநூலாசிரியன், அக்கடமை பாயிரத்தில் தன் ‘வழி’யை உரைத்தல். இன்றைய பதிப்புரிமைச் சட்டத்தில் விடுபட்டிருப்பது இந்த மூன்றாம் நிலையே என்பதும், அதனை நிறுவும் பொறுப்பில் தமிழ்த்துறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இலக்கணம் வகுத்த மூன்றாம் நிலை

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. நன்னூல் இவற்றுடன் சார்புநூலையும் சேர்த்து எண்ணுகிறது. வழிநூலாசிரியன் முதனூலோடு பொருந்தி நிற்பதோடு, தான் வேண்டிய வேறுபாடுகளைச் செய்துகொள்ளவும் இடந்தருகிறது. ஆக, முன்னோர் படைப்பை எடுத்துக் குறைக்கவும் விரிக்கவும் மாற்றவும் இலக்கணமே இசைவு தந்திருக்கிறது.

அவ்விசைவு கட்டற்றதன்று. சிறப்புப்பாயிரம் கூற வேண்டியவையாக ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு எண்ணப்படுகின்றன. இவற்றுள் முதலிரண்டும் ஈண்டுக் கருதத்தக்கவை. ஆக்கியோன் பெயர், இந்நூலுக்குப் பொறுப்பு யார் என்பதை அறிவிக்கிறது. வழி, இந்நூல் எதிலிருந்து வந்தது என்பதை அறிவிக்கிறது. மாற்றும் உரிமையும் மூலத்தை அறிவிக்கும் கடமையும் ஒரே இலக்கணக் கோட்பாட்டின் இரு கூறுகளாக நிற்கின்றன.

வழிநூல், பாயிரம் என்னும் கருத்தாக்கங்கள் பெரிதும் இலக்கண நூல்களை நோக்கி எழுந்தவை, இசைப்பாடலுக்கு அவை பொருந்தா என்று கூறப்படலாம். எனினும் இசைப்பாடல் மரபிலும் இதே நெறி வேறு வடிவில் நின்றது. பாட்டின் தலைப்பில் மூலமெட்டைக் குறிக்கும் ‘வர்ணமெட்டு’க் குறிப்பு, இசைப்பாட்டின் பாயிரம் எனத் தகும். பாரதி தம் அரசியல் பாடல்கள் சிலவற்றுக்குக் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திர மெட்டுகளை எடுத்தாண்டபோது, அதனைத் தலைப்பிலேயே குறித்தார். அக்குறிப்பு பாடுவோருக்கு வழிகாட்டியது. மூலவர்க்கு உரிய மதிப்பையும் அளித்தது. நந்தனாரின் ஏக்கத்தை அறிந்த செவிக்கு அம்மெட்டில் வரும் விடுதலைப் பாட்டு இரட்டைப் பொருளோடு கேட்டது. மூலத்தைச் சுட்டியதால் புதிய பாட்டின் ஆற்றல் குறையவில்லை, பெருகியது.

குறவஞ்சி: ஒரு வடிவத்தின் பயணம்

திருக்குற்றாலக் குறவஞ்சியில் குறி சொல்லும் குறத்தியின் பேச்சும், சிங்கனும் சிங்கியும் நிகழ்த்தும் உரையாடலும், உலா, தூது முதலிய சிற்றிலக்கியக் கூறுகளும், கீர்த்தனமும், கண்ணியும், விருத்தமும் ஒருங்கே கலந்துள்ளன. குறத்தி பாட்டு கவிராயர் கண்டுபிடித்ததன்று. மக்கள் வழக்கில் இருந்ததும், குமரகுருபரரின் மீனாட்சியம்மை குறம் முதலிய நூல்களில் இலக்கிய வடிவம் பெற்றதும் அவருக்கு முன்பே நிகழ்ந்தவை. அவற்றைக் குற்றாலத்தின் மலைக்கும் அருவிக்கும் குழல்வாய்மொழியம்மை உடனுறை குற்றாலநாதருக்கும் உரியவையாக ஆக்கியதே அவர்தம் படைப்பு. மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலத்தை மானியமாக அளித்தார். அந்நிலம் குறவஞ்சி மேடு என வழங்கலாயிற்று.

இம்மானியத்தின் தன்மை ஆராயத்தக்கது. பாட்டுக்குப் பரிசாக நிலம் கிடைத்தது. பாட்டைப் பிறர் பாடுவதைத் தடுக்கும் உரிமை கிடைக்கவில்லை, அது கேட்கப்படவும் இல்லை. புலவரின் வாழ்வு ஒரு வழியில் காக்கப்பட, பாட்டு மற்றொரு வழியில் ஊரெங்கும் உலவியது. புரவலரை அண்டியே புலவர் வாழ நேர்ந்த அந்த ஏற்பாட்டை இன்று மீட்க இயலாது. மீட்க விரும்பவும் வேண்டியதில்லை. படைப்பாளிக்கு ஊதியம் தருவதும் படைப்பைப் பூட்டி வைப்பதும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாதவை அல்ல என்பதற்கு மட்டும் அது சான்றாகிறது.

குறவஞ்சி வடிவம் அதன்பின் சென்ற தொலைவு வியப்பளிப்பது. நெல்லையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அவ்வடிவத்தில் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் சரபோஜி மன்னரைத் தலைவனாக வைத்துச் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடினார். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். சைவத் தலத்துக்குரிய வடிவம் கிறித்தவத்துக்கும், கோயில் தெய்வத்துக்குரியது அரசவைக்கும், ஏட்டிலிருந்தது நகர மேடைக்கும் சென்றன. வடிவத்துக்கு உடைமை கோரும் சட்டம் அன்று இருந்திருப்பின் இவற்றுள் எதற்கும் யாரேனும் தடை கோரியிருக்கக்கூடும். வடிவமும் கருத்தும் எவர்க்கும் உடைமையாகா, வெளிப்பாடே உடைமையாகும் என்னும் இன்றைய பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை இவ்வகையில் தமிழ் மரபோடு ஒத்தே செல்கிறது. சிக்கல் எழுவது வெளிப்பாட்டையே எடுத்து மாற்றும்போதுதான்.

சிந்தும் பாரதி பாடலும்

இன்றைய தென்காசி மாவட்டத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், காவடி எடுத்து நடந்து செல்வோர் பாடிய வழிநடைச் சிந்துக்குச் செவ்விலக்கிய நயம் சேர்த்தவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் வாழ்ந்து, கழுகுமலை முருகன்மீது காவடிச் சிந்தை இயற்றி, முப்பது வயதை எட்டாமலே மறைந்தார். அவர் எடுத்துக்கொண்ட நடைக்கு ஆசிரியர் பெயர் இல்லை. அது பெயரறியாப் பாடகர் பலரின் கூட்டு உடைமை. அவர் தந்த வடிவமோ அவர் பெயரால் நிலைத்து, பின்வந்த பாடகர்க்கும் நாடகத்தார்க்கும் திரையிசையமைப்பாளர்க்கும் பொதுச்செல்வமாயிற்று. பாரதியும் சிந்து வகைகளை விரும்பிக் கையாண்டவர்.

அதே மாவட்டத்துக் கடையம் செல்லம்மாள் பாரதியின் பிறந்த ஊர். 1918 முதல் 1920 வரை பாரதியும் அங்கு வாழ்ந்தார். பிறர் மெட்டைத் தயக்கமின்றி எடுத்தாண்டு, எடுத்ததைத் தயக்கமின்றிச் சொன்ன அக்கவிஞரின் பாடல்களே பின்னர்ப் பதிப்புரிமைப் பூசலுக்கு ஆளாயின. அவர் மறைவுக்குப்பின் நூல்வெளியீட்டு உரிமை அவர்தம் தம்பி சி. விசுவநாதனிடமும், இசைத்தட்டு, திரைப்படம் ஆகியவற்றுக்கான ஒலிப்பதிவு உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பனிடமும் சென்றன. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ (1948) திரைப்படத்தில் பாரதி பாடலொன்று இடம்பெற்றபோது உரிமை பற்றிய எதிர்ப்பு எழுந்தது. பாரதி பாடல்களைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்ற கிளர்ச்சி வலுத்தது, நாரண. துரைக்கண்ணன், டி.கே. சண்முகம் முதலியோர் அதில் முன்னின்றனர். 1949இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமைகளைப் பெற்றது. பின்னர் அவற்றை மக்களுக்கே உரியவையாக்கியது. இவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ விரிவாக ஆராய்ந்துள்ளது.

இவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. உரிமையை விட்டுக்கொடுத்த குடும்பத்தார்க்கு அரசு தொகை வழங்கியது. பாட்டு விடுதலை பெற்றது. வாரிசுகளும் வெறுங்கையோடு விடப்படவில்லை. தமிழகத்தில் நூல்களை நாட்டுடைமையாக்கும் மரபு இந்நிகழ்விலிருந்தே கிளைத்தது. ஊதியமும் உலவுதலும் ஒருசேர இயலும் என்பதை, குறவஞ்சி மேட்டுக்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், மக்களாட்சி அரசொன்று தனக்குரிய முறையில் மெய்ப்பித்தது.

இரசிகமணியின் திருத்தங்கள்

எடுத்தாளும் உரிமைக்கு எல்லை யாது என்னும் வினாவுக்குக் குற்றாலமே ஒரு கடினமான சான்றைத் தருகிறது. அங்கு வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், கம்பன் பாடல்களுள் பலவற்றை இடைச்செருகல் எனத் தள்ளினார். தாம் ஏற்ற பாடல்களிலும் சொற்களைத் தம் சுவையுணர்வின் துணைகொண்டு மாற்றினார். ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்னும் அவர்தம் பதிப்பு கம்பனை எண்ணற்ற வாசகர்க்கு அண்மையாக்கியது. சுவடிச் சான்று இன்றித் திருத்தியதைத் தமிழறிஞர் பலர் கடுமையாக மறுத்தனர்.

இவ்விவாதத்தைப் படைப்புச் சுதந்திரத்துக்கும் மூலபாடத் தூய்மைக்கும் இடையிலான போராகக் காண்பது வழக்கம். பாயிர நோக்கில் பார்த்தால் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கம்பனை மாற்ற எவர்க்கும் உரிமை உண்டு. வான்மீகியை மாற்றியே கம்பன் கம்பனானான். மாற்றியதைக் கம்பன் பெயரிலேயே தருவதுதான் குறை. ஆக்கியோன் பெயரும் வழியும் அங்கு ஒன்றாகிவிட்டன. எவை சுவடியின் சொற்கள், எவை பதிப்பாசிரியரின் சொற்கள் என இடந்தோறும் குறித்திருப்பின், அந்நூல் ஒரு மாபெரும் வாசகரின் வழிநூலாக ஐயத்துக்கு இடமின்றி நின்றிருக்கும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு பாரதியிடமே உண்டு. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்துக்கு எழுதிய குறிப்பில், திருதராட்டிரனைத் தாம் காட்டிய முறை வியாசரைத் தழுவியது என்றும், நூலைப் பெரும்பாலும் வியாச பாரதத்தின் மொழிபெயர்ப்பாகவே கருதலாம் என்றும் கூறி, தமிழ் நடைக்கான பொறுப்பை மட்டும் தமதாக்கிக்கொண்டார். படிப்போர் அதனைப் பாரதியின் காப்பியம் என்றே போற்றுகின்றனர். வழியை உரைத்ததால் அவர் பெயர் சிறுத்துவிடவில்லை.

இரசிகமணி போற்றி உரை கண்ட முத்தொள்ளாயிரம் மற்றொரு பாடத்தையும் புகட்டுகிறது. அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்று நம்மிடம் உள்ள நூற்றுச் சொச்சம் பாடல்களும் பெரிதும் புறத்திரட்டு என்னும் தொகுப்பின்வழிக் கிடைத்தவை. பெயரறியாத் தொகுப்பாளர் ஒருவர் பல நூல்களிலிருந்து பாடல்களை எடுத்துத் தம் விருப்பப்படி அடுக்கியிராவிடில் அவையும் மறைந்திருக்கும். எந்த நூலிலிருந்து எடுத்தவை என அத்திரட்டு குறித்து வைத்ததால்தான் அவற்றை முத்தொள்ளாயிரம் என இனங்காண முடிந்தது. எடுத்தாளுதல் பாடல்களைக் காத்தது. வழியுரைத்தல் நூலின் பெயரைக் காத்தது.

இன்றைய சட்டம்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி இலக்கிய, இசைப் படைப்புகளின் உரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீள்கிறது. ஆய்வு, திறனாய்வு ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது. மெய்யான சமயச் சடங்கின்போது பாடுவதற்கும் விலக்கு உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் விட்டுக்கொடுக்க இயலாத ஊதியப் பங்கை உறுதி செய்தது. தயாரிப்பாளரிடம் மொத்தமாக உரிமையை இழந்துவந்த படைப்பாளிகளுக்கு அது நீதியான ஏற்பாடு. எடுத்தாளும் உரிமையைப் பேசுவோர் எவரும் அதனைக் கைவிடலாகாது.

அதே திருத்தம் கொணர்ந்த 31சி பிரிவு, ஒலிப்பதிவான பாடலைப் பிறர் மீண்டும் பாடிப் பதிவு செய்ய வழிவகுக்கிறது. முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். முன்னறிவிப்பும் முன்பணமும் தர வேண்டும். ஆண்டொன்றுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான உரிமத்தொகை செலுத்த வேண்டும். குறிப்பிட்ட மொழி அல்லது வட்டார வழக்குக்கு அவ்வெண்ணிக்கையைக் குறைக்கவும் இடமுண்டு. இவை அனைத்துக்கும் மேலாக, உரிமையாளரின் இசைவின்றியோ தொழில்நுட்பத் தேவையின்றியோ மூலத்தில் மாற்றம் எதுவும் செய்யலாகாது. அதாவது, அப்படியே திரும்பப் பாடுவோருக்குச் சட்டத்தில் வழி உண்டு. மாற்றிப் பாடுவோருக்கு இல்லை. தொல்காப்பியம் எண்ணிய நால்வகையுள் ஒன்றுக்கேனும் இப்பிரிவில் இடம் கிடையாது. சிந்து நடையில் அமைந்த, உரிமைக்காலம் முடியாத திரைப்பாடலுக்குத் தன் ஊர்ச் சொற்களை இட்டுப் பாடிப் பதிவிடும் வட்டாரக் கலைஞரை அது உரிமை மீறியவராகவே காணும்.

மறுபுறம், நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லாததால் அதற்குப் பாதுகாப்பும் இல்லை. அதனைப் பதிவு செய்யும் தயாரிப்பாளருக்கோ தம் ஒலிப்பதிவின்மீது 60 ஆண்டு உரிமை கிடைக்கிறது. பாடியவர்க்கு நிகழ்த்துநர் என்ற முறையில் 50 ஆண்டு உரிமையும், தம் பெயர் குறிக்கப்பட வேண்டும் எனக் கோரும் உரிமையும் சட்டத்தில் உண்டு. ஆயினும் தமக்கு அவ்வுரிமை உண்டு என்பதை எடுத்துச் சொல்வார் இன்றி அப்பாடகர் அதனைக் கேட்பது எங்ஙனம்?

இதே 2012இல் கனடா நாட்டுச் சட்டம் வேறொரு வழியைத் தேர்ந்தது. வணிக நோக்கின்றி, இருக்கும் படைப்பைக் கொண்டு புதிய படைப்பு ஆக்குவோர்க்கு அது விலக்களித்தது. இயன்றவிடத்து மூலத்தைக் குறிக்க வேண்டும், மூலப் படைப்பின் வருவாய்க்குப் பெருங்கேடு விளைவிக்கலாகாது என்பன அதன் நிபந்தனைகளுள் சில. தமிழ் இலக்கணம் ‘வழி’ என்றதைப் பெரும்பாலும் ஒத்த விதி இது.

மறுப்புகளும் விடையும்

மாற்ற இசைவளித்தால் மூலம் சிதையும் என்பது முதல் மறுப்பு. மூலம் தனித்து நிலைத்திருக்கும்வரை வழிநூலால் அதற்குக் கேடில்லை. இரசிகமணியின் திருத்தங்களுக்குப் பின்னும் வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரின் உரைப்பதிப்பும், அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பும் கம்பனைக் காத்து நிற்கின்றன. நல்ல மூலபாடப் பதிப்புகள் கைக்கெட்டும் நிலையில் இருத்தலே சிதைவுக்கு உண்மையான காப்பு. மதிப்புக்கு ஊறு நேரும்வகையில் படைப்பைத் திரிப்பதை எதிர்க்கும் உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஆசிரியருக்குத் தனியே அளித்துள்ளது. ஊதிய உரிமையை விற்றபின்னும் அது அவரை விட்டு நீங்குவதில்லை.

உயிரோடிருக்கும் படைப்பாளியின் வருவாய் குறையும் என்பது இரண்டாவது மறுப்பு. இது புறந்தள்ளத்தக்கதன்று. வணிக நோக்கில் எடுத்தாள்வோர் ஊதியம் தந்தே ஆக வேண்டும். அத்தொகை எடுத்தாள்வோரின் அளவுக்கேற்ப அமைய வேண்டும் என்பதே இங்குக் கோரப்படுவது. பெருநிறுவனத்துக்கு ஏற்ற 50,000 படிக் கணக்கு, திருவிழா மேடையில் பாடும் குழுவுக்கு ஏற்றதன்று. வட்டார வழக்குக்கு எண்ணிக்கையைக் குறைக்கச் சட்டமே தந்துள்ள இடத்தைப் பயன்படுத்தக் கோருவது முதற்படி.

முடிவுரை

சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் பணி. அதற்குக் காத்திராமல் தமிழ்த்துறைகள் தம் எல்லைக்குள் செய்யத்தக்கவை மூன்று உள.

முதலாவது, துறைகள் வெளியிடும் பதிப்பு, தழுவல், நாடகம், இசைநிகழ்வு ஒவ்வொன்றிலும் பாயிரம் இடம்பெறல். ஆக்கியோர் பெயர், வழி, செய்த மாற்றம் ஆகிய மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். மூலபாடப் பதிப்பில் சுவடியின் பாடமும் பதிப்பாசிரியரின் திருத்தமும் வேறுபடுத்திக் காட்டப்பட வேண்டும்.

இரண்டாவது, களப்பணியில் பதிவாகும் வில்லுப்பாட்டு, சிந்து, கும்மி ஆகியவற்றின் ஒலிப்பதிவுகளில் பாடகரைத் தகவலாளராக மட்டும் பின்னிணைப்பில் சேர்க்காமல், உரிமையுடைய நிகழ்த்துநராகப் பதிவின் முகப்பிலேயே குறித்தல். அவர்க்குள்ள உரிமையை அவர் மொழியில் விளக்கி, இசைவு பெற்று, பதிவின் படியொன்றை அவர் கையில் சேர்த்தல் களப்பணியின் இன்றியமையாக் கூறாதல் வேண்டும். அப்பதிவை ஆய்வுக்குத் திறந்து வைக்கலாம். வணிகப் பயன்பாட்டுக்குப் பாடகரின் இசைவு கட்டாயமாக்கப்படலாம்.

மூன்றாவது, நாட்டுடைமையாக்கம் குறித்த அரசாணைகளில் அச்சோடு நில்லாமல் ஒலிப்பதிவு, நாடகம், தழுவல் ஆகியவற்றுக்கும் உரிமை பொதுவாகிறது என்பது தெளிவுபடக் கூறப்பட வேண்டும் என அரசை வலியுறுத்தல். பாரதி பாடல்களில் பூசல் எழுந்தது அச்சுரிமையில் அன்று, ஒலிப்பதிவு உரிமையில் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

சென்னிகுளத்தார் எடுத்த நடைக்கு உரியவர் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. எழுதி வைக்க அன்று ஒருவரும் இல்லை. இன்று கழுகுமலைப் பாதையிலும் குற்றாலக் கரையிலும் பாடுவோரின் பெயர்களை எழுதி வைக்கத் துறைகளும் ஆய்வாளரும் கருவிகளும் உள. அவையும் கிடைக்காமற்போயின் அதற்குச் சட்டத்தைக் குறைகூற இயலாது.